மைலில் எடுக்கும் டிக்கெட்: கட்டுநாயக்கவில் ஏறுகிறவர்களுக்கு எந்தத் திட்டம் சரிவரும்

விமானத்தில் பறந்ததற்கும் வங்கிக் கார்டில் செலவழித்ததற்கும் கிடைக்கும் புள்ளிகளைத்தான் மைல் என்கிறோம், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். இந்த மைல் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். இலங்கை பாஸ்போட்டோடு கட்டுநாயக்கவில் ஏறுகிறவர்களுக்கு, அதிலும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு, அந்தக் கணக்கு பிறகுதான். முதலில் பார்க்க வேண்டியது வழி. எந்த ஊரில் விமானம் மாறலாம், அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்த நிறுவனத்தோடு எதைச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போடலாம் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி தெரிந்தவருக்கு அதே மைலில் சென்னையில் ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு ஊருக்கு வர முடியும். தெரியாதவர் செக்கின் மேசையிலேயே திருப்பி அனுப்பப்படவும் கூடும்.

எங்கள் பக்கத்தில் மைலை நாமே சேர்ப்பது குறைவு. டொரண்டோவில் இருக்கும் மகள், லண்டனில் இருக்கும் மச்சான், கட்டாரில் வேலை செய்யும் தம்பி என்று யாரோ ஒருவர் வங்கிக் கார்டிலும் பழைய டிக்கெட்டிலும் சேர்த்து வைத்திருப்பார். அதை வைத்து அம்மா அப்பாவைக் கூப்பிடுவார்கள், அல்லது தோட்டத்துத் திருவிழாவுக்குக் குடும்பமாக வருவார்கள். இந்த டிக்கெட்டுகளை சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்து வருஷக்கணக்காகிறது. காசு வாங்குவதில்லை, விரும்பித்தான் செய்கிறேன். லயத்தில் பிறந்து, வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு அம்மா முதல் தடவையாக விமானம் ஏறும்போது அந்தப் பயணம் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு அது பெரிய விஷயம். கீழே சொல்லப்போகும் மதிப்பீடு எல்லாம் அந்த அம்மாவை மனதில் வைத்துத்தான்.

ஒரு அடிப்படை விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மைல் சேர்ந்த இடம் ஒன்றாகவும் பறக்கிற விமானம் வேறொன்றாகவும் இருக்கலாம். ஒரே கூட்டணியில் இருக்கும் நிறுவனங்கள் ஒன்றின் மைலுக்கு மற்றொன்று சீட் கொடுக்கும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1ஆம் திகதி ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. அதே வருஷம் ஜூலையில் எயார் இந்தியா ஸ்டார் அலயன்ஸில் சேர்ந்தது. அதனால் கொழும்பு–சென்னை என்ற சின்னப் பறப்பு இரண்டு கூட்டணியிலும் இருக்கிறது. நமக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் திருச்சி, புதுக்கோட்டை, நாமக்கல் பக்கம் இருக்கிறார்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் குன்னூர், கோத்தகிரியில் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்தியாவில் ஒரு தரிப்பு, அதாவது வழியில் இறங்கித் தங்கிப் போவது, போட முடியுமா என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

சரி, ஏரோபிளான். ஸ்டார் அலயன்ஸில் இருக்கும் எயார் கனடாவின் திட்டம் இது. நான் அதிகம் பாவித்தது இதைத்தான், அதிகம் பிடித்ததும் இதுதான். உலகத்தை நான்கு வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு, இந்திய உபகண்டம் எல்லாம் அட்லாண்டிக் என்ற ஒரே வலயத்துக்குள் வருகிறது. வட அமெரிக்காவுக்கும் அந்த வலயத்துக்கும் இடையே பறக்கும் தூரத்தை நான்கு படியாக வைத்திருக்கிறார்கள்: 4,000 மைல் வரை, 6,000 வரை, 8,000 வரை, அதற்கு மேல். இந்த அட்டவணையை ஒரு கொழும்புக்காரர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. டொரண்டோவிலிருந்து கொழும்பை நேர்கோட்டில் அளந்தாலே 8,600 மைலுக்கு மேல். எப்படிப் போனாலும் கடைசிப் படியில்தான் நிற்கிறோம், அதற்கு மேல் படி கிடையாது. ஆகவே நடுவில் சென்னையைச் சேர்த்தாலும் தூரத்துக்காக ஒரு பாயிண்ட்கூட (ஏரோபிளானில் மைலுக்கு அந்தப் பெயர்) ஏறாது. லண்டனுக்கோ பாரிஸுக்கோ போகிறவருக்கு இந்த வசதி இல்லை, அவர் ஒரு ஊரைக் கூட்டினால் அடுத்த படிக்குத் தள்ளப்படலாம்.

இதோடு தரிப்பு விதியையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவழிப் பயணத்தில் ஒரு தரிப்பு போடலாம், அதற்குக் கூடுதலாக 5,000 பாயிண்ட், அங்கே 45 நாள் வரை தங்கலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் அந்தத் தரிப்பைப் போட முடியாது. டொரண்டோவிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து லுஃப்தான்சாவில் சென்னை, சென்னையில் இறங்கி ஊருக்குப் போய் குலதெய்வக் கோயில், கல்யாணம், காது குத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பிறகு எயார் இந்தியாவில் கொழும்பு. எல்லாம் ஒரே டிக்கெட். சென்னை–கொழும்பைத் தனியாகக் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் நான்கு பேர் என்றால் இதில் மிஞ்சுவது சின்னத் தொகை இல்லை.

இன்னும் இரண்டு நல்ல விஷயம். 2020 நவம்பரில் திட்டத்தைப் புதுப்பித்ததிலிருந்து நிறுவனங்கள் போடும் எரிபொருள் மேலதிகக் கட்டணத்தை மைல் டிக்கெட்டில் அறவிடுவதில்லை. விமான நிலைய வரிகளும், பங்காளி நிறுவனத்தில் (எயார் கனடா அல்லாத, அதன் மைலுக்குச் சீட் கொடுக்கும் நிறுவனத்தில்) பறந்தால் ஒரு டிக்கெட்டுக்கு 39 கனேடிய டொலரும் மட்டும்தான். மற்ற சில திட்டங்களில் இந்த மேலதிகக் கட்டணம் பாதி டிக்கெட் விலைக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது, பாயிண்ட் வைத்திருப்பவர் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். மாமியாருக்கும் எடுக்கலாம், பக்கத்து லயத்து அக்காவுக்கும் எடுக்கலாம், முன்கூட்டிப் பெயர்ப் பட்டியல் கொடுக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையரிலும் கத்தே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸிலும் ஐந்து பேர் வரைதான் பதிந்து வைக்கலாம், அந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு எடுக்க முடியாது. பெரிய குடும்பங்களுக்கு இது தலைவலி.

ஏரோபிளானில் பிடிக்காதது எது என்றால், எல்லாப் பங்காளிக்கும் நிலையான அட்டவணை கிடையாது. சில நிறுவனங்களின் சீட்டுக்கு விலை நாளுக்கு நாள் மாறுகிறது, நேற்றுப் பார்த்த கணக்கு இன்று இருக்காது. வளைகுடா வழியாகப் போகும் பறப்புகளில் இதை அதிகம் பார்க்கலாம். மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய விலையை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு கிழமை யோசித்தால் அது போய்விடும். வழி பிடித்திருந்தால், வீசாவும் கையில் இருந்தால், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வீசா என்று சொன்னேன். இந்த மதிப்பீட்டை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்று சொல்லலாம்.

மைல் தளத்தில் கொழும்பு–டொரண்டோ என்று தேடினால் அது விதிக்கு உட்பட்ட எல்லா வழியையும் காட்டும். நம் பாஸ்போட்டுக்கு அந்த வழி ஒத்துவருமா என்று அது கேட்காது. டெல்லி போய், அங்கிருந்து நியூவார்க், அங்கிருந்து டொரண்டோ என்று ஒரு வழி வரும், நேரமும் நன்றாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறினாலும் குடிவரவு மேசையைத் தாண்டியே ஆக வேண்டும், மாறுவதற்கு மட்டும் என்று உள்ளேயே உட்கார வைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. அமெரிக்க வீசா இல்லாவிட்டால் அந்த டிக்கெட்டை வைத்துக் கட்டுநாயக்கவில் ஏறவே விடமாட்டார்கள். ஐரோப்பாவிலும் நமக்கு ஒரு கட்டு இருக்கிறது. செங்கன் நாடுகள், அதாவது ஒரே வீசா விதியில் இருக்கும் ஐரோப்பிய நாடுகள், விமான நிலையத்தில் மாறுவதற்கே வீசா கேட்கும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. பிராங்க்பர்ட், பாரிஸ், சூரிச், ஆம்ஸ்டர்டாம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவும் இலங்கையரிடம் இடைமாறல் வீசா கேட்கிறது, ஹீத்ரோவில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடப்பதற்கும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. செல்லுபடியாகும் கனேடிய வீசாவோ அமெரிக்க வீசாவோ பாஸ்போட்டில் இருந்து அந்த நாட்டுக்குத்தான் போகிறீர்கள் என்றால் செங்கன் நாடுகளிலும் பிரித்தானியாவிலும் அந்த இடைமாறல் வீசா வேண்டியதில்லை. அதனால்தான் மேலே சொன்ன பிராங்க்பர்ட் வழி கனடாவுக்குப் போகும் அம்மா அப்பாவுக்கும் சரிவரும். அதே அம்மா லண்டனில் இருக்கும் மகனிடம் போக பாரிஸ் வழியாக எடுத்தால் நிலைமை வேறு, பிரித்தானிய வீசாவை நம்பி செங்கனில் மாறலாம் என்று எடுக்கக்கூடாது. பயணத்துக்குக் கிட்டத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், இந்த விதிகளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் அபுதாபி, டுபாய், தோஹா வழியாக எடுப்பதுதான் நம்மவர்களுக்கு நிம்மதி. விமான நிலையத்துக்கு உள்ளேயே மாறிக்கொள்ளலாம், வீசா கேட்பதில்லை. மைல் கொஞ்சம் கூடினாலும் வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கொழும்பு–டெல்லி வந்து டெல்லியிலிருந்தே வெளிநாட்டுக்குப் பறந்தால் உள்ளேயே இருந்து மாறலாம். கொழும்பு–சென்னை, சென்னை–டெல்லி, பிறகு வெளிநாடு என்று வந்தால் நடுவில் உள்நாட்டுப் பறப்பு இருக்கிறது. சென்னையிலேயே குடிவரவை முடித்து நாட்டுக்குள் போக வேண்டும், இந்திய வீசா கட்டாயம். தளத்தில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அடுத்து 24 மணித்தியால விதி. சர்வதேசப் பயணத்தில் ஒரு ஊரில் 24 மணித்தியாலத்துக்குக் குறைவாக நின்றால் அது விமானம் மாறுவது. அதைத் தாண்டினால் தரிப்பு. அநேகமாக எல்லாத் திட்டத்துக்கும் இதுதான் கோடு. தரிப்புக்கே இடம் கொடுக்காத திட்டத்தில்கூட 20, 22 மணித்தியாலம் ஒரு ஊரில் நின்று போகலாம் என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் லாபம். காலையில் தோஹாவில் இறங்கி அடுத்த நாள் விடியற்காலை கிளம்பினால், அங்கே வேலை செய்யும் தம்பியை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், உள்ளே போவதற்கு அந்த நாட்டு அனுமதி இருந்தால். லண்டனில் இந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிக்கு அவர்கள் விமானப் பயணி வரி போடுகிறார்கள், மைல் டிக்கெட்டுக்கும் அது உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் மாறிப் போனால் அந்த வரி இல்லை, தாண்டினால் வந்துவிடும். எக்கனமி வகுப்பில் போகும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

லண்டன்காரர்களிடமும் வளைகுடாவில் வேலை செய்பவர்களிடமும் அதிகம் இருப்பது அவியோஸ். ஸ்ரீலங்கனைப் போல ஒன்வேர்ல்டில் இருக்கும் பிரிட்டிஷ் எயார்வேஸின் நாணயம் அது, 2022இலிருந்து கட்டார் எயார்வேஸும் அதையே பாவிக்கிறது. இரண்டு கணக்குக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம், இரண்டிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருந்தால். 36 மாதம் கணக்கில் ஒரு அசைவும் இல்லாவிட்டால் காலாவதியாகிவிடும், கொஞ்சம் மாற்றினாலோ சேர்த்தாலோ மறுபடி ஓடத் தொடங்கும். கட்டாரில் இரண்டு மூன்று ஒப்பந்தம் முடித்து ஊருக்கு வந்துவிட்ட பையன்களிடம் தூங்கிக் கிடக்கும் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்கில் பங்காளிப் பறப்புக்கு விலை போடும் முறை ஏரோபிளானுக்கு நேர் எதிர். அங்கே முழுப் பயணத்துக்கும் ஒரு விலை. இங்கே ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனி விலை, தூரத்தைப் பொறுத்து. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு நேர் பஸ்ஸில் போவதற்கும் அவிசாவளையில் இறங்கி வேறு பஸ்ஸில் மறுபடி டிக்கெட் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். ஆகவே அவியோஸில் விமானம் மாறும் வழி எடுத்தால் விலை கூடும், நேர்ப் பறப்புக்குத்தான் பெறுமதி. லண்டன்–கொழும்புக்கு ஸ்ரீலங்கன் நேராகவே பறக்கிறது. தூரம் ஏறக்குறைய 5,400 மைல், அவர்களுடைய அட்டவணையில் ஒரு படி 5,500இல் முடிகிறது. அதாவது அந்தப் படியின் ஓரத்தில் நின்று முழுப் பயனையும் எடுத்துக்கொள்கிறோம். அதே டிக்கெட்டில் திருச்சியைச் சேர்த்தால் அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தனி விலையே நமக்கு நல்லது. மிகக் குறைந்த படி 650 மைல் வரை. கட்டுநாயக்கவிலிருந்து மதுரை, திருச்சி, சென்னை மூன்றும் 220லிருந்து 400 மைலுக்குள் அடங்கிவிடுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்தப் பறப்புகளின் காசு விலை ஏறும்போது நிலையான அட்டவணையில் இருக்கும் மைல் விலை ஏறுவதில்லை. சீட் கிடைப்பது மட்டும்தான் சிரமம், அந்த நாட்களுக்கு நான் பல மாதம் முன்பே பார்த்துவிடச் சொல்வேன். ஒரு சாவு வீட்டுக்கு அவசரமாகத் திருச்சிக்குப் போக வேண்டி வந்து, காசு டிக்கெட் எட்ட முடியாத விலையில் இருந்தபோது, லண்டனில் இருந்த பேரன் கொஞ்ச அவியோஸில் எடுத்துக் கொடுத்து அந்தப் பெரியவர் தன் தம்பியின் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவியோஸ் மேல் தனி மரியாதை. ஒரு எச்சரிக்கை: லண்டன்காரர் தன் கணக்கைக் குடும்பக் கணக்காக மாற்றியிருந்தால், பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் எடுக்க முடியும். தனிக் கணக்கு என்றால் யாருக்கும் எடுக்கலாம்.

ஒன்வேர்ல்டிலேயே இருக்கும் அமெரிக்கன் எயார்லைன்ஸின் ஏஅட்வான்டேஜ் பற்றிச் சுருக்கமாக. தரிப்பு கிடையாது. புறப்படும் வலயமும் போய்ச் சேரும் வலயமும் தவிர மூன்றாவது வலயம் வழியாகப் போக, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, விடமாட்டார்கள். இதைக் கேட்டதும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் இந்திய உபகண்டமும் மத்திய கிழக்கும் ஒரே வலயம். கொழும்பும் தோஹாவும் ஒரே இடம் மாதிரித்தான். ஆகவே கொழும்பிலிருந்து தோஹா வழியாக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும்போது மூன்றாவது வலயம் என்ற பிரச்சினையே வருவதில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

ஏஷியா மைல்ஸில் ஒரு அருமையான டிக்கெட் வகை இருக்கிறது, நம்மவர்கள் பாவித்து நான் பார்த்ததில்லை. கத்தேயைச் சேர்க்காமல் இரண்டு ஒன்வேர்ல்ட் நிறுவனம், அல்லது கத்தேயையும் சேர்த்து மூன்று நிறுவனம் வரும்படி ஒரு பயணத்தை அமைத்தால், முழுத் தூரத்தையும் கூட்டி ஒரே விலை போடுகிறார்கள். ஐந்து தரிப்பு, இரண்டு இடைமாறல், இரண்டு இடத்தில் தரைவழி இடைவெளி வரை வைத்துக்கொள்ளலாம். தரைவழி இடைவெளி என்றால் ஒரு ஊரில் இறங்கி, தரைவழியாக வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து ஏறுவது. சென்னையில் இறங்கி, ரயிலில் மதுரை போய், மதுரையிலிருந்து ஸ்ரீலங்கனில் கொழும்பு வருவது நமக்கு இயல்பான பயணம்தானே. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒரு பெரிய சுற்றாகப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்து வர நினைப்பவர்கள், உட்கார்ந்து வரைபடம் போட்டுப் பார்க்கலாம். திட்டம் போட நேரமும் பொறுமையும் வேண்டும், அவசரக்காரருக்கு உதவாது. கிறிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருஷத்தில் எப்படியும் முடிந்துவிடும், கணக்கு அசைந்தாலும் அசையாவிட்டாலும். சிங்கப்பூர், அவுஸ்திரேலியாப் பக்கம் அடிக்கடி போகிறவர் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

மைலைவிட முக்கியமான ஒன்று, எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் வைப்பது. டவுனில் ஒரு ஏஜென்சியில், மலிவாக வருகிறது என்று ஒரு வயதான தம்பதிக்குக் கொழும்பு–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து மேலே போக வேறு டிக்கெட் என்று இரண்டாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெட்டி கடைசி ஊர் வரை போகாது, சென்னையில் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. இது எதையும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. சென்னையில் தாமதமாகி அடுத்த விமானம் போய்விட்டது, புது டிக்கெட் காசு கொடுத்துத்தான் எடுத்தார்கள். தெரியாதவர்களிடம் இப்படி வியாபாரம் செய்வதை நான் மன்னிக்க மாட்டேன். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் பறப்பு தாமதமாகும்போது அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் வேலை.

எங்கள் பாதைக்கும் இதில் பங்கு உண்டு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நல்ல நாளிலேயே ஐந்து மணித்தியாலம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ கடுகண்ணாவையிலோ மண் சரிந்து பாதை மூடப்படுவது நமக்குப் புதிதல்ல. டிக்கெட்டின் முதல் பறப்புக்குப் போகாமல் விட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாப் பறப்பும் தானாக ரத்தாகும், திரும்பி வரும் பறப்பு உட்பட. ஆகவே விடியற்காலைப் பறப்பு மைல் குறைவாக இருக்கிறது என்று எடுப்பவர்கள் முதல் நாளே நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரவுப் பறப்பு கொஞ்சம் மைல் கூட என்றாலும் காலையில் வேனில் கிளம்பி நிதானமாகப் போகலாம். நான் பெரும்பாலும் அதையே எடுப்பேன்.

தொலைபேசிச் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தத் திட்டங்களில் மிக மோசமான பகுதி அதுதான். ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், அவர்களே எழுதி வைத்திருக்கும் தரிப்பு விதியைச் சொல்லிக் கேட்டபோது அப்படி ஒன்று இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், வேறொருவர் எந்தக் கேள்வியும் இல்லாமல் போட்டுக் கொடுத்தார். விதி ஒன்றுதான், அதைப் படித்திருக்கிறவரும் படிக்காதவரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அழைக்கும் முன் ஒவ்வொரு பறப்பின் இலக்கம், திகதி, வகுப்பு, நிறுவனம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, அவர்களைத் தேடச் சொல்லாமல் நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

டிக்கெட் கையில் வந்த பிறகு இலக்கத்தின் முதல் மூன்று எண்ணைப் பாருங்கள். 014 என்றால் எயார் கனடா, 125 பிரிட்டிஷ் எயார்வேஸ், 157 கட்டார், 603 ஸ்ரீலங்கன், 160 கத்தே. எந்த நிறுவனத்தின் எண்ணோ அதுதான் டிக்கெட்டை வழங்கியது, திகதி மாற்றுவதும் ரத்துச் செய்வதும் அவர்களிடம்தான். கொழும்பில் இருக்கும் பறக்கிற நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் நின்றால் மைல் கொடுத்த இடத்தில் கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் அவர்கள் தப்பும் இல்லை. பறக்கிற நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை வேறு: சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு, சீட். அதற்கு அந்த நிறுவனத்தின் ஆறு எழுத்துப் பதிவு இலக்கம் வேண்டும், மைல் தளம் கொடுக்கும் இலக்கம் பெரும்பாலும் வேறு. டொரண்டோவிலிருந்து பிள்ளையை அழைத்து அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனியாக உறுதிப்படுத்துங்கள். ஒரு நிறுவனத்தில் சொன்ன சக்கர நாற்காலி அடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பாஸ்போட்டில் மூன்றாவது, யாரோ ஒரு அலுவலர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை ஆயுள் முழுக்கச் சுமக்கிறவர்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர். டிக்கெட்டுக்கு பாஸ்போட்டில் இருப்பது மட்டும்தான் கணக்கு. வீட்டில் கூப்பிடும் பெயரைப் பிள்ளை அங்கிருந்து ஞாபகத்தில் அடித்து அனுப்பக்கூடாது, பாஸ்போட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும், அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில். பங்காளி டிக்கெட்டில் ஒரு எழுத்தைத் திருத்துவதற்கு வழங்கிய நிறுவனமும் பறக்கிற நிறுவனமும் இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில வேளை முழு டிக்கெட்டையும் ரத்துச் செய்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதற்குள் அந்த மைல் சீட் வேறொருவருக்குப் போய்விடும்.